வலைத்தள மென்பொருள் தேர்வு: பராமரிக்க ஆள் உண்டா எனப் பாருங்கள்

விளைபொருளைத் தாமே தரம் பிரித்து, பையிலிட்டு, நுகர்வோருக்கு நேரே விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இன்று பரவலாக இயங்கி வருகின்றன. 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழி வகுத்தது. 2020-இல் நடுவண் அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளைத் தோற்றுவிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், மஞ்சள் தூள், விதை நெல் என எதை விற்றாலும், வெளியூரில் இருந்து வாங்க விரும்புவோர் முதலில் கைப்பேசியில் தேடிப் பார்ப்பது அந்நிறுவனத்தின் வலைத்தளத்தையே ஆகும். நாற்றங்கால் நடத்துவோரும் காளான் வித்து தயாரிப்போரும் கூடத் தங்களுக்கென ஒரு தளம் வேண்டும் என விரும்புகின்றனர்.

பயிற்சிக்கு வரும் உழவர் பெருமக்கள் பலரும், "எந்த சாஃப்ட்வேரில் வெப்சைட் போடுவது நல்லது, சார்?" என்று கேட்கின்றனர். இக்கட்டுரையாளர் உழவியல் கற்பிப்பவர்; கணினி இவரது துறை அன்று. ஆயினும், "எந்த நெல் இரகம் நல்லது?" என்று கேட்பவரிடம் நாங்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளையே இங்கும் கேட்க வேண்டியுள்ளது. தண்ணீர் எத்தனை மாதம் வரும்? களையெடுக்கவும் மருந்து தெளிக்கவும் வேளைக்கு ஆள் கிடைக்குமா? ஆள் கிடைக்காத இடத்தில் அதிகக் கவனிப்பு வேண்டும் இரகத்தைப் போட்டவர் படும் பாட்டை நாம் அறிவோம். வலைத்தளத்திலும் அதே நிலைதான்.

ஆடிப் பட்டத்தில் நேர்ந்த இழப்பு

காவிரிப் பாசனப் பகுதியில் பாரம்பரிய நெல் இரகங்களின் அரிசியும் விதையும் விற்கும் ஒரு நிறுவனத்திற்கு நான் ஆலோசனை கூறி வருகிறேன். பங்குதாரர்கள் 400-க்கு மேற்பட்டவர்கள். இயக்குநர் குழுவின் தலைவர் ஒரு பெண்மணி. 2021-ஆம் ஆண்டில் ரூ.22,000 செலவில் ஒருவர் 'வேர்டுபிரஸ்' என்னும் மென்பொருளைக் கொண்டு தளம் அமைத்துக் கொடுத்தார். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளைச் சம்பாவிற்கும் சீரகச் சம்பாவிற்கும் வெளி மாவட்டங்களிலிருந்து கேட்புகள் வரத் தொடங்கின. அடுத்த ஆண்டிலேயே அமைத்துக் கொடுத்தவரின் தொலைபேசி எண் மாறிவிட்டது. தளம் தானாக ஓடிக்கொண்டிருந்ததால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதம், சம்பா விதைக்குக் கேட்பு மிகுந்திருந்த வேளையில், வெளியிலிருந்து எவரோ தளத்தினுள் புகுந்து, பணம் செலுத்தும் பக்கத்தில் இருந்த கியூ.ஆர். குறியீட்டை மட்டும் மாற்றிவிட்டனர். வேறு எதையும் தொடவில்லை. ஆகையால் நிறுவனத்தில் எவருக்கும் ஐயம் ஏற்படவில்லை. மூன்று நாளில் ஒன்பது உழவர்கள் விதைக்காக அனுப்பிய ரூ.31,400 வேறொருவரின் கணக்கிற்குச் சென்றது. "பணம் கட்டி மூன்று நாளாயிற்று, விதை எப்போது வரும்?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்ட பின்னரே செய்தி தெரிய வந்தது.

பிறகு தளத்தைச் சோதித்தபோது, அதில் 24 துணை மென்பொருள்கள் இருந்தன. இவற்றைப் 'பிளக்-இன்' என்பர். அவற்றுள் ஏழு, தளம் அமைத்த நாளிலிருந்து ஒருமுறை கூடப் புதுப்பிக்கப்படவில்லை. நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தி வந்தனர். தளத்தின் நகல் ஒன்று இருந்தது. ஆனால் அது தளம் இருந்த அதே சர்வரில் இருந்ததால் அதுவும் பழுதாகியிருந்தது. தளத்தின் பெயரோ, அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் பதிவாகியிருந்தது.

அன்று மாலை நடந்த குழுக் கூட்டத்தில் தலைவி கேட்டார்: "சார், பணம் அனுப்பினவங்க யாருன்னே நமக்குத் தெரியாது. நம்ம பேரை நம்பித்தானே அனுப்பினாங்க? இதை மாசாமாசம் பார்க்கணும்னு ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" தளம் அமைப்பதற்கான விலைப்புள்ளிகளைத் திறந்த நாளில் நானும் அக்கூட்டத்தில் இருந்தேன். மூன்று விலைப்புள்ளிகளையும் ஒப்பிட்டு, குறைந்ததற்கு ஒப்புதல் கூறியவர்களில் நானும் ஒருவன். அமைத்த பின் எவர் பராமரிப்பார் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பேருக்கும் நிறுவனமே தன் செலவில் விதையை அனுப்பி வைத்தது. அந்த ஆண்டு பங்குதாரர்களுக்குச் சேர வேண்டிய தொகையில் அது குறைந்தது.

சிறிய தளத்தை ஏன் தாக்குகிறார்கள்?

"நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மைப் போய் யார் தாக்கப் போகிறார்கள்?" என்பது பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி. புகையான் இது சிறு விவசாயியின் வயல் என்று பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. தாக்குவோர் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. இதற்கென எழுதப்பட்ட நிரல்கள் இரவும் பகலும் இணையத்தில் உள்ள தளங்களையெல்லாம் தட்டிப் பார்க்கின்றன. குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பழைய பதிப்பு எங்கெங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரே சாவியைப் போட்டுத் திறக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள, தளம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஒரு பக்கம் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைப் போல முன்னரே ஆயத்தமாக இருந்து, கேட்பவருக்கு அப்படியே எடுத்துக் கொடுக்கப்படலாம். இது நிலைப் பக்கம். அல்லது, ஒருவர் கேட்கும் ஒவ்வொரு முறையும், தரவுத் தொகுப்பிலிருந்து பொருளின் பெயர், விலை, படம் ஆகியவற்றை எடுத்து, ஒரு நிரல் அந்த நேரத்தில் பக்கத்தைச் சமைத்துக் கொடுக்கலாம். வேர்டுபிரஸ், ஜூம்லா, துருபால் ஆகியவை பெரும்பாலும் இவ்வகையில் வேலை செய்கின்றன. உள்ளே நுழைந்து விலையை மாற்ற ஒரு வாயில் இருப்பதால் இவை வசதியானவை. அந்த வாயில், தரவுத் தொகுப்பு, பக்கம் சமைக்கும் நிரல், சர்வரின் மென்பொருள் என நான்கு இடங்களில் பழுது ஏற்பட இடமுண்டு. துணை மென்பொருள் ஒவ்வொன்றும் அக்கணக்கில் ஒன்றைக் கூட்டும்.

ஒரே மென்பொருளை மிகப் பலர் பயன்படுத்துவதும் ஒரு காரணம். 2003-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த வேர்டுபிரஸ், இன்று உலகின் வலைத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேற்பட்டவற்றை நடத்துகிறது. பரந்த நிலப்பரப்பில் ஒரே தன்மையுள்ள பயிர் நின்றால் பூச்சிக்குக் கொண்டாட்டம் என்பதை 1973-74-இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் காட்டிச் சென்றது. அதற்காக அதிக விளைச்சல் இரகங்களை நாம் கைவிடவில்லை. பயிர்ப் பாதுகாப்பைக் கற்றுக்கொண்டோம். வேர்டுபிரஸ் குறித்தும் எனது கருத்து இதுவே. மென்பொருள் மோசமானதன்று. கவனிப்பாரற்ற வேர்டுபிரஸ் மோசமானது.

சொந்த சர்வரில் வேர்டுபிரஸ்

இது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். இடவாடகைக்கும் தளப் பெயருக்கும் மட்டுமே பணம் செலுத்த வேண்டும். தமிழில் எழுதுவதில் இடர்ப்பாடு இல்லை. பழகியவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பர். இதன் மூல மென்பொருளைக் காத்துவரும் குழுவினர் பொறுப்புடன் செயல்படுகின்றனர் என்றே கூற வேண்டும். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 3.7 பதிப்பு முதல், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே தளத்தில் சேரும் வசதி உண்டு. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல், துணை மென்பொருள்களையும் அவ்வாறே தானாகப் புதுப்பித்துக்கொள்ளச் செய்யலாம்.

இவ்வசதியின் பயன் 2017-இல் தெரிந்தது. 4.7, 4.7.1 ஆகிய பதிப்புகளில், வெளியார் எவரும் பக்கங்களைத் திருத்தி எழுத இடம் தரும் ஒரு பழுது இருந்தது. சனவரி 26-இல் அதைச் சரிசெய்யும் 4.7.2 பதிப்பு வெளியிடப்பட்டது. பழுதின் விவரத்தைச் சில நாள் வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, பெரும்பாலான தளங்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ள நேரம் கொடுத்து, பிப்ரவரி 1-இல் அறிவித்தனர். அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், புதுப்பிக்கப்படாத தளங்களில் பல இலட்சம் பக்கங்கள் சிதைக்கப்பட்டன. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்து வைத்திருந்தவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர்.

தளம் அமைத்துக் கொடுப்போர் சிலர், "புதுப்பித்தால் வடிவமைப்பு கலைந்துவிடும்" என்று கூறி இவ்வசதியை அணைத்துவிடுவதுண்டு. அவ்வாறு கூறுபவரிடம் தளத்தை ஒப்படைக்க வேண்டாம் என்பது எனது அறிவுரை.

பெரும்பாலான தொல்லைகள் துணை மென்பொருள்கள் வழியே வருகின்றன. இவற்றை எழுதுவோர் பலர். ஓரிருவர் ஓய்வு நேரத்தில் எழுதியவையும் உண்டு. எழுதியவர் சலித்துப் போய் விட்டுவிடலாம்; வேறொருவருக்கு விற்றும் விடலாம். 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்னும் துணை மென்பொருள் சுமார் 2 இலட்சம் தளங்களில் இருந்தது. 2017-இல் அதனை எழுதியவர் பிறருக்கு விற்றார். வாங்கியவர், தளத்தில் விளம்பரக் குப்பைகளைத் திணிக்கும் நிரலை அதனுள் மறைத்துப் புதுப்பித்தலாக வெளியிட்டார். நம்பிப் புதுப்பித்தவர்களுக்கே கேடு வந்தது. இறுதியில் அது வேர்டுபிரஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனவே புதுப்பித்தால் மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது. துணை மென்பொருளின் எண்ணிக்கையைக் குறைப்பதே முதல் வேலை. சான்று பெற்ற விதையையே வாங்கினாலும் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பதில்லை அல்லவா? எனது அளவு ஆறு. பொருள் விற்பனைக்கு ஒன்று, நகல் எடுக்க ஒன்று, பாதுகாப்பிற்கு ஒன்று, படிவத்திற்கு ஒன்று, மற்றவை இரண்டு. ஏழாவது வேண்டும் என்று எவராவது சொன்னால், எதனை எடுப்பது என்று கேளுங்கள். சேர்க்கும் முன், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை அதன் பட்டியல் பக்கத்திலேயே பார்க்கலாம். ஓராண்டுக்கு மேல் கைபடாமல் கிடப்பதைத் தவிர்த்தல் நலம்.

பயன்படுத்தாத துணை மென்பொருளை அணைத்து வைத்தால் போதாது, நீக்கிவிட வேண்டும். அணைத்து வைத்தாலும் அதன் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். வரப்பில் பிடுங்கிப் போட்ட களை மழை பெய்ததும் மீண்டும் வேர் பிடிப்பதைப் போன்றதே இது.

வாரத்திற்கு அரைமணி நேரம் ஒருவர் தளத்தினுள் சென்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 26 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் மூன்றே கால் ஆள்நாள். இந்த ஆள்நாளை யார் தருவார் என்று பெயர் சொல்லிக் குறிக்க முடிந்தால் வேர்டுபிரஸ் வைத்துக்கொள்ளலாம். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது விடையாகாது.

துருபால், ஜூம்லா

இவை இரண்டும் திறன் மிக்கவையே. பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள் போன்று கணினிப் பிரிவும் முழுநேரப் பணியாளர்களும் உள்ள இடங்களில் துருபால் நன்கு பயன்படுகிறது. நமது அளவிலான நிறுவனத்திற்கு அது ஏன் ஏற்றதன்று என்பதை ஒரே நிகழ்ச்சியால் விளக்கலாம். 2014 அக்டோபர் 15-இல் துருபால் 7-இல் ஒரு கடும் பழுது கண்டறியப்பட்டு, அதற்கான திருத்தம் வெளியிடப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கையில், அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்திற்குள் திருத்தாத தளங்கள் யாவும் தாக்கப்பட்டுவிட்டதாகவே கருதிக்கொள்ளுமாறு கூறியது. அந்த ஏழு மணி நேரம் நம் கடிகாரப்படி இரவு 9.30 முதல் விடிகாலை 4.30 வரை. நமது நிறுவனங்களில் எவர் அந்நேரத்தில் விழித்திருப்பார்?

மேலும் 2011-இல் வந்த துருபால் 7-க்கான ஆதரவு 2025 சனவரி 5-உடன் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து புதிய பதிப்பிற்கு மாறுவது ஏறக்குறைய தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு ஒப்பாகும். ஜூம்லா அளவில் சிறியதாயினும் பராமரிப்புத் தேவை வேர்டுபிரஸ் போன்றதே. பழகிய ஆட்கள் மட்டும் குறைவாகக் கிடைப்பர்.

நிலைப் பக்கத் தளம்

பராமரிப்பு மிகக் குறைவாக வேண்டுமெனில் இதுவே சாலச் சிறந்தது. 2008-இல் வந்த ஜெக்கில், 2013-இல் வந்த ஹியூகோ போன்ற மென்பொருள்கள், நாம் எழுதி வைத்த கோப்புகளிலிருந்து எல்லாப் பக்கங்களையும் நமது கணினியிலேயே ஒரேயடியாக ஆயத்தம் செய்து கொடுத்துவிடும். அவற்றை ஏற்றி வைத்தால் போதும். சர்வரில் தரவுத் தொகுப்பும் இல்லை. உள்ளே நுழையும் வாயிலும் இல்லை. துணை மென்பொருளும் இல்லை. ஆறு மாதம் எவரும் தொடாவிட்டாலும் அதனால் புதிய பழுது ஏற்படுவதில்லை. புழுதியில் விதைத்துவிட்டு மழையை நம்பி இருக்கும் மானாவாரிப் பயிர் போல, இதற்குக் கைவேலை குறைவு.

குறைகளும் உண்டு. விலையை மாற்றக் கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்ற வேண்டும். இது கடினமன்று, ஆனால் பழகாதவருக்குத் தயக்கம் ஏற்படும். ஊரில் கணினி படித்த இளைஞர் ஒருவர் ஆர்வத்துடன் அமைத்துக் கொடுத்துவிட்டு, வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றுவிட்டால், அடுத்தவருக்கு வழி தெரிவதில்லை. ஆகவே செய்முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இலவச இடம் தருவோரின் விதிகளையும் படித்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, கிட்ஹப் பேஜஸ் இலவசமாக இடம் தருகிறது. ஆனால் இணைய வணிகம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் விதி. பக்கத்தில் வாயில் இல்லாவிட்டாலும், இடம் தந்தவரிடம் நமக்குள்ள கணக்கின் கடவுச்சொல் களவு போனால் எல்லாம் போயிற்று என்பதையும் மனத்திற் கொள்க.

பத்துப் பதினைந்து பொருள்களின் பட்டியலைக் காட்டி, கேட்பை வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ பெறும் நிறுவனத்திற்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நம் நிறுவனங்களுள் மிகப் பலவும் இந்நிலையில்தான் உள்ளன என்பது நான் கண்டது. தேவையற்ற கடை வசதியை அவர்கள் தலையில் கட்டி, பின்னர் அதற்குக் காவலும் போடச் சொல்வது முறையன்று.

வாடகைத் தளங்கள்

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை, வேர்டுபிரஸ்.காம், கூகிள் சைட்ஸ் போன்றவை வாடகை வீட்டிற்கு ஒப்பானவை. மென்பொருளைப் புதுப்பிப்பது, சர்வரைக் காப்பது ஆகிய பொறுப்புகள் அவர்களுடையவை. கூகிள் சைட்ஸ் இலவசம். மற்றவற்றின் முழு வசதிக்கும் சந்தா உண்டு. வேர்டுபிரஸ்.காம் என்பது வேர்டுபிரஸ் மென்பொருளையே வாடகைக்குத் தரும் சேவை. பெயரைக் கண்டு இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது. வாங்குவோர் தளத்திலேயே பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்த வேண்டும், பராமரிக்கவோ ஆள் இல்லை என்ற நிலையில், சந்தா கூடுதலாகத் தோன்றினாலும் இவ்வழியே சிக்கனமானது. மேற்சொன்ன ரூ.31,400-ஐ அந்நிறுவனம் இவ்வாறுதான் கணக்குப் பார்த்தது.

வாடகை வீட்டின் குறை இதற்கும் உண்டு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். கூகிள் வணிகக் குறிப்புடன் இலவசமாக அளித்துவந்த சிறு தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அதற்கு முன்பு, ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த ஜியோசிட்டீஸ், ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆகையால் சேரும் முன்பே வெளியேறும் வழியைக் கேட்டறிய வேண்டும். வேர்டுபிரஸ்.காமில் உள்ளவற்றைப் பெயர்த்தெடுத்துச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். ஷாப்பிஃபையிலிருந்து பொருள் பட்டியலை அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறிடத்திற்குக் கொண்டு செல்ல இயலாது. எதுவாயினும், படங்களையும் விவரங்களையும் நமது கணினியில் தனியே வைத்திருந்தால் பாதிக் கவலை தீரும்.

எந்த வகையாயினும் செய்ய வேண்டியவை

தளத்தின் பெயர் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குப் பதிவாகியிருக்க வேண்டும். நிலப் பட்டாவைப் போன்றது இது. அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரில் பதிவு செய்து, பின்னர் தொடர்பற்றுப் போனால் மீட்பது பெரும் பாடு. மேற்சொன்ன நிறுவனத்திற்குப் பழைய பெயர் இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. பைகளில் அச்சிட்டிருந்த முகவரியின் மேல் புது முகவரிச் சீட்டை ஒட்டி விற்றனர்.

உள்ளே நுழைய உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரண்டு படிச் சோதனையை இயக்கி வையுங்கள். பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே நீக்கிவிட வேண்டும்.

முகவரிக்கு அருகே தோன்றும் பூட்டுக் குறியைக் கண்டு தளம் பாதுகாப்பானது எனப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். வாங்குபவரின் கைப்பேசிக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். தளத்தினுள் திருடன் புகுந்துள்ளானா என்பதை அக்குறி சொல்லாது. இதற்கான சான்றிதழ் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பிடமிருந்து 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்கெனத் தனிக் கட்டணம் கேட்போரிடம் காரணம் கேளுங்கள்.

அட்டைகளின் எண்ணை நமது தளத்தில் வாங்கி வைக்க எண்ணவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் விற்பனையாளர்கள் அவ்வாறு வைத்திருப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. பணம் பெறும் வேலையை அதற்கென உள்ள சேவையாளரின் பக்கத்திற்கு அனுப்பிவிடுவதே முறை. கியூ.ஆர். குறியீட்டைத் தளத்தில் படமாக வைப்போர், தினமும் காலையில் ஒருமுறை தமது கைப்பேசியால் அதைப் பிடித்து, நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும். அரை நிமிட வேலை இது. அன்று இதைச் செய்திருந்தால் மூன்று நாள் இழப்பு ஒரு நாளோடு நின்றிருக்கும்.

நகல் எடுப்பது பற்றி எல்லோரும் அறிவர். ஆயினும் எடுத்த நகல் பயன்படுமா என்று சோதிப்போர் மிகச் சிலர். முளைப்புத் திறன் பார்க்காத விதையை நாம் விதைப்பதில்லை. ஈரத் துணியில் நூறு விதையை முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவது போல, ஆண்டுக்கு இருமுறையாவது நகலிலிருந்து தளத்தை வேறோர் இடத்தில் எழுப்பிப் பார்க்க வேண்டும். நகல் இருக்கும் இடம் சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தளம் அமைத்துத் தருபவரிடம் செய்துகொள்ளும் உடன்படிக்கையில், அமைக்கும் தொகையுடன் ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் தனியே எழுதி வாங்குக. எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பார், பழுது நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார், விலகினால் எவற்றையெல்லாம் ஒப்படைப்பார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பராமரிப்புத் தொகையைக் குறிப்பிடாத விலைப்புள்ளி குறைவாகத்தான் இருக்கும்.

தாக்குதல் நேர்ந்தால்

பணம் போயிருப்பின் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும். சென்ற பணத்தைச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க முதல் சில மணி நேரமே வாய்ப்புடையது. தேசிய இணையக் குற்றப் புகார் வலைத்தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, வலைத்தளத்தினுள் புகுந்து மாற்றுதல் போன்ற நிகழ்வுகளை, அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அவ்வமைப்பிற்குத் தெரிவிக்க வேண்டும். தளத்தை உடனே வெளியார் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் மேலும் சிலர் பணம் இழப்பர். கண்ணில் பட்ட கோப்பை மட்டும் அழித்துவிட்டுத் தளத்தை மீண்டும் திறந்துவிடலாகாது. புகுந்தவர் பின்வாசல் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பார். மென்பொருளை மூலத்திலிருந்து புதிதாக ஏற்றி, தாக்குதலுக்கு முந்தைய நகலிலிருந்து விவரங்களைச் சேர்த்து, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிய பின்னரே திறக்க வேண்டும்.

மேற்கூறிய நிறுவனம் இப்போது இரண்டாகப் பிரித்துக்கொண்டுள்ளது. நிறுவனத்தின் வரலாறு, இரகங்களின் குணங்கள், சமைக்கும் முறை ஆகியவை நிலைப் பக்கங்களாக உள்ளன. விற்பனை மட்டும் ஒரு வாடகைக் கடைத் தளத்தில் நடக்கிறது. கணக்கரும் பட்டதாரிப் பங்குதாரர் ஒருவரும் ஆளுக்கொரு கணக்கு வைத்துள்ளனர். தளப் பெயர் நிறுவனத்தின் பெயரில் உள்ளது. அதைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தலைவி தம் கையால் அலுவலகச் சுவரில் உள்ள நாட்காட்டியில், உர உரிமம் புதுப்பிக்கும் தேதிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்.